மாடி வாடகைக்கு பான் எண் கொடுத்தால் 30 சதவீதம் போய்விடுமா?

கேள்வி: நான் மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 64. மாதம் 42,000 ரூபாய் பென்ஷன் வருகிறது. வங்கி டெபாசிட்டில் ஆண்டுக்கு 90,000 ரூபாய் வட்டி. என் சொந்த வீட்டின் மேல் 10 லட்சம் வங்கிக் கடன் வாங்கி மாடியில் இரண்டு போர்ஷன் கட்டினேன். 2024 ஜனவரியில் கடன் வாங்கினேன், 2025 மே மாதம் கட்டி முடிந்தது. ஜூனிலிருந்து ஒரு போர்ஷனை 14,000-க்கும் இன்னொன்றை 11,000-க்கும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். சின்ன போர்ஷன் டிசம்பர் மாதம் காலியாகக் கிடந்தது. பெரிய போர்ஷனில் குடியிருக்கும் தம்பி, அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று என் பான் எண்ணைக் கேட்கிறார். "கொடுத்துவிடாதீர்கள், வாடகையில் 30 சதவீதம் வரியாகப் போய்விடும். மாதம் 8,000 என்று ரசீது எழுதிக் கொடுங்கள், பான் தேவைப்படாது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பெயிண்ட், மோட்டார் ரிப்பேர், புரோக்கர் கமிஷன் என்று நிறையச் செலவாகிவிட்டது. அதைக் கழிக்க முடியுமா? மாடியை மகள் பெயருக்கு எழுதி வைத்தால் வரி குறையுமா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். சென்னையில் அவன் பெயரில் உள்ள ஃபிளாட்டின் வாடகை 22,000 என் கணக்கில்தான் வருகிறது. அங்கே குடியிருப்பவருக்கும் என் பான் எண்ணையே கொடுத்திருக்கிறேன். அது தவறா?

பதில்:

அம்மா, அந்தத் தம்பிக்கு பான் எண்ணைத் தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி 2025–26 நிதியாண்டில் இந்த வாடகைக்காக நீங்கள் கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. எப்படி என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் அந்த 30 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கோ சரியாகத்தான் கேட்டிருக்கிறார், ஆனால் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துவிடுகிறது. பராமரிப்புக்கும் மற்ற செலவுகளுக்குமாக, பில் எதுவும் கேட்காமல் தரும் கழிவு அது. மீதிக்குத்தான் வரிக் கணக்கு. இப்படிச் சலுகையை வரி என்று நினைத்துப் பயந்து வாடகையை மறைத்தவர்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஒழுங்காகக் காட்டியிருந்தால் பாதிப் பேருக்கு வரியே வந்திருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் பெயிண்ட், மோட்டார், புரோக்கர் கமிஷன் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவற்றைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாமே அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். ஒரு வருடம் 5,000 மட்டும் செலவழித்தாலும் 30 சதவீதம் முழுதாகக் கிடைக்கும். ஒரு லட்சம் செலவழித்தாலும் அதே 30 சதவீதம்தான். கட்டிய முதல் வருடத்தில் இது நியாயமில்லை என்று தோன்றும். ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு இது லாபமாகவே இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம், மாதம் 25,000 வீதம் 2,50,000 வந்திருக்க வேண்டும். சின்ன போர்ஷன் டிசம்பரில் காலியாக இருந்ததால் 11,000 வரவில்லை. வாடகைக்கு விட்ட இடம் ஆள் கிடைக்காமல் காலியாக இருந்து, அதனால் வாடகை குறைந்தால், வராத பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆக வாடகை 2,39,000.

இதில் முதலில் கழிவது மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி. இங்கே இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் தன் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டும். அதோடு அந்த நிதியாண்டுக்குள்ளேயே கட்டியிருக்க வேண்டும். இரண்டாம் அரையாண்டுக்கான வரியை மார்ச் முடிந்து ஏப்ரலில் கட்டினால் அந்தக் கழிவு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விடும். நீங்கள் தொகையை எழுதவில்லை, அதனால் மொத்த வீட்டுக்கும் ஆண்டுக்கு 10,800 என்று வைத்துக்கொள்கிறேன். கீழ்த்தளத்தில் நீங்கள் குடியிருக்கிறீர்கள், மாடி மட்டும்தான் வாடகைக்கு. பரப்பளவு சமம் என்றால் பாதி, அதாவது 5,400 ரூபாயைத்தான் கழிக்கலாம். மீதி 2,33,600. அதில் 30 சதவீதம் 70,080. அதைக் கழித்தால் 1,63,520.

அடுத்து கடன் வட்டி. உங்களுக்குப் பெரிய உதவி செய்யப்போவது இதுதான். ரொம்பப் பேர் கோட்டைவிடுவதும் இதைத்தான். வாடகைக்கு விட்ட இடத்தைக் கட்ட வாங்கிய கடனின் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. அந்த வாடகை வருமானத்தில் முழு வட்டியையும் கழித்துக்கொள்ளலாம். கழிவுகளும் விகிதமும் குறைவாக உள்ள புதிய வரி முறையிலும் இது உண்டு. புதிய முறையில் எடுத்துவிட்டது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவைத்தான். அதைக் கேள்விப்பட்டு, வாடகை வீட்டுக்கும் வட்டிக் கழிவு போய்விட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

வங்கிக்குப் போய் வட்டிச் சான்றிதழ் கேளுங்கள். தவணையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். வாடகைக் கணக்கில் அசலுக்கு இடமில்லை, வட்டிக்கு மட்டும்தான். 10 லட்சம் கடனுக்கு இந்த ஆண்டு சுமார் 84,000 வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல், மே மாதங்களில் கட்டடம் முடியவில்லையே, அந்த வட்டி சேருமா என்று கேட்பீர்கள். சேரும். கட்டி முடித்த நிதியாண்டின் வட்டி முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பு, 2024 ஜனவரியிலிருந்து 2025 மார்ச் 31 வரை நீங்கள் கட்டிய வட்டியும் வீணாகவில்லை. கட்டுமானக் காலத்து வட்டியை ஐந்து சம பங்காகப் பிரித்து, கட்டி முடித்த ஆண்டு தொடங்கி ஐந்து வருடம், வருடத்துக்கு ஒரு பங்கு என்று கழிக்கலாம். அந்தக் காலத்தில் 75,000 வட்டி கட்டியிருந்தால் ஆண்டுக்கு 15,000. அதனால் வங்கியிடம் இந்த ஆண்டுச் சான்றிதழ் மட்டும் கேட்காமல், 2023–24, 2024–25 ஆண்டுகளுக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் இதை எடுக்க மறந்தவர்கள், அடுத்தடுத்த வருடங்களிலும் மறந்தேதான் போகிறார்கள்.

84,000-உம் 15,000-உம் சேர்ந்து 99,000. 1,63,520-இல் இதைக் கழித்தால் மிஞ்சுவது 64,520. கைக்கு 2,39,000 வாடகை வந்தாலும் வரிக் கணக்கில் நிற்கப்போவது இவ்வளவுதான்.

இதோடு உங்கள் பென்ஷனைச் சேர்ப்போம். ஆண்டுக்கு 5,04,000. புதிய வரி முறையில் ஓய்வூதியத்துக்கு 75,000 நிலையான கழிவு உண்டு, ஆக 4,29,000. டெபாசிட் வட்டி 90,000. மாடி வாடகை 64,520. மொத்தம் 5,83,520. இதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதிக்கு 5 சதவீதம் போட்டால் 9,176 ரூபாய். ஆனால் 2025–26 முதல் புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் அந்த 9,176-உம் பூஜ்யமாகிவிடும். அடுத்த ஆண்டு பன்னிரண்டு மாதமும் முழு வாடகை வந்தாலும் உங்கள் மொத்த வருமானம் 6.3 லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். 12 லட்சம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை மட்டும். நிலமோ பங்கோ விற்ற லாபம் போன்ற, தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. அப்படி ஏதாவது இந்த ஆண்டில் விற்றிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கு மாறும்.

வரி பூஜ்யம் என்பதால் ரிட்டர்ன் போட வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். 2025–26-க்கான கடைசி நாள் 2026 ஜூலை 31. தவறவிட்டால், உங்கள் வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்பதால், தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வரியே இல்லாத ஒருவர் ஞாபக மறதிக்காக 5,000 கட்டுவதைப் பார்த்தால் மனசு பொறுக்காது.

இன்னொரு சின்ன விஷயம். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. வீட்டு வாடகைக்கான 30 சதவீதக் கழிவும் வட்டிக் கழிவும் புதிய சட்டத்திலும் இருக்கின்றன. யாராவது "சட்டமே மாறிவிட்டது" என்று சொன்னால் கலங்க வேண்டாம்.

இனி அந்த 8,000 ரூபாய் ரசீது. பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அந்தத் தொகையைச் சொன்னார் தெரியுமா? ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வாடகைப் படியில் வரிச் சலுகை கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணை நிறுவனத்திடம் தர வேண்டும். மாதம் 8,000 என்றால் வருடத்துக்கு 96,000, ஒரு லட்சத்துக்குள் அடங்கிவிடும். இது ஊர் முழுக்க நடப்பதுதான். ஆனால் செய்யாதீர்கள் அம்மா. அந்தத் தம்பி மாதாமாதம் 14,000 ரூபாயை வங்கிக் கணக்கிலோ யுபிஐ-யிலோதான் அனுப்பிக்கொண்டிருப்பார். பணம் ஒன்று சொல்ல, உங்கள் கையெழுத்துப் போட்ட ரசீது வேறொன்று சொல்லும். வருமானத்தைத் தவறாகக் காட்டினார் என்று முடிவானால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்களுக்கோ வரியே இல்லை. இல்லாத வரிக்குப் பயந்து, முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கை எதற்காகப் பொய் ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும்? அதோடு, 14,000 வாடகை கொடுக்கும் அந்தத் தம்பிக்கு 8,000-க்கான சலுகைதான் கிடைக்கும். அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியதை நாம் தடுக்கக் கூடாது.

பான் எண்ணைக் கொடுத்த பிறகு, வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். பென்ஷன், டெபாசிட் வட்டி எல்லாம் அதில் இருக்கும். வாடகையும் வந்து சேரலாம். நீங்கள் ரிட்டர்னில் காட்டும் தொகையும் அதுவும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

இந்தப் பதிலைப் படிக்கும் வேறு சிலர் பல வருடம் வாடகையை மறைத்து, இப்போது பயந்துகொண்டிருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். வரி கட்ட வேண்டிய வருமானத்தை விட்டுவிட்டவர்கள், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் புதுப்பித்த ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து நான்கு வருடம் வரை அவகாசம் உண்டு. விடுபட்ட வரிக்கும் வட்டிக்கும் மேலே, முதல் வருடத்தில் செய்தால் 25 சதவீதம் கூடுதல். அடுத்தடுத்து அது 50, 60, 70 சதவீதம் என்று ஏறும். சீக்கிரம் செய்தால் செலவு குறைவு.

மகள் பெயருக்கு மாடியை எழுதிவைப்பது பற்றி. வரிக்காக என்றால் வேண்டவே வேண்டாம். கணக்கைப் பார்த்தீர்கள், மிச்சப்படுத்த அங்கே வரியே இல்லை. செட்டில்மென்ட் பத்திரம் எழுதினால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் உண்டு. எழுதிய பிறகு திரும்ப வாங்குவது சுலபமும் இல்லை. இந்த மாடி உங்கள் முதுமைக்கான வருமானம். கடனும் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இடம் மகளுடையதாகிவிட்டால் வாடகையும் மகளின் வருமானம். நீங்கள் கட்டும் வட்டியைக் கழிக்க உங்களிடம் வாடகை வருமானம் இருக்காது. மகள் தங்கமானவராகவே இருக்கட்டும். அவருக்குக் கொடுக்க விரும்பினால் உயில் எழுதுங்கள். உங்கள் காலம் வரை சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக மகனின் ஃபிளாட். உங்கள் கடிதத்தில் உண்மையாகவே சரிசெய்ய வேண்டிய இடம் இதுதான். வாடகை யார் கணக்கில் விழுகிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. வீடு யாருடையதோ அவருக்குத்தான் அது வருமானம். பெற்ற தாய்க்குப் பிள்ளை தரும் பணத்துக்கு உங்களிடம் வரி கிடையாது. ஆனால் வாடகையை அவர்தான் தன் வருமானமாகக் காட்ட வேண்டும். நீங்கள் உங்கள் பான் எண்ணைக் கொடுத்ததால் ஆண்டுக்கு 2,64,000 ரூபாய் உங்கள் வாடகையாகப் பதிவாகும் வாய்ப்பு இருக்கிறது. அங்கே குடியிருப்பவரிடம் மகனின் பான் எண்ணை எழுத்து மூலமாகக் கொடுத்து, தன் அலுவலகத்தில் திருத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறியிருந்தால், அந்தப் பதிவைத் தொட்டு, இது வேறொரு பான் எண்ணைச் சேர்ந்தது என்று பதில் அளிக்கும் வசதி இணையதளத்திலேயே இருக்கிறது.

குடியிருப்பவரிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உள்ளூர் வீட்டுக்காரருக்கு மாதம் 50,000-க்கு மேல் வாடகை கொடுத்தால்தான் ஒரு சாதாரணக் குடும்பஸ்தர் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும், அதுவும் 2 சதவீதம்தான். வீட்டுக்காரர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் அந்த 50,000 வரம்பே கிடையாது. எவ்வளவு சின்ன வாடகையானாலும் 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 22,000 வாடகையில் மாதம் 6,864 ரூபாய். இதற்குக் குடியிருப்பவர் டேன் எண் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித் துறை தரும் எண்) வாங்கி, காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும். ஒரு அப்பாவி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவ்வளவு பணமும் போய்விடுமோ என்று மகன் பதற வேண்டாம். அவர் ஃபிளாட்டுக்கு ஏதாவது வீட்டுக் கடன் ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கடனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 2,64,000-இல் 30 சதவீதம் போக 1,84,800. இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் இது 4 லட்சத்துக்குள்ளேயே இருக்கிறது. 12 லட்சம் வரையிலான தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான், அவருக்குக் கிடையாது. ஆனால் அது இல்லாமலேயே வரி பூஜ்யம். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த டிடிஎஸ் முழுவதும் திரும்ப வரும். அதுவரை பணம் முடங்கிக் கிடக்க வேண்டாம் என்றால், குறைந்த விகிதத்தில் அல்லது வரியே பிடிக்காமல் வாடகை தர அனுமதிக்கும் சான்றிதழுக்கு வருமான வரித் துறையிடம் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். நிதியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தால்தான் முழுப் பயன். ஃபிளாட் வாடகை இனி அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்துக்காக இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு) போகட்டும். அங்கிருந்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பணம் வந்த வழி தெளிவாக இருக்கும்.

அப்புறம், மாடி கட்டிய பில்களை எறிந்துவிடாதீர்கள். சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி, வரைபட அனுமதிக் கட்டணம், கான்ட்ராக்டருக்குக் கணக்கிலிருந்து அனுப்பிய பணம் என்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நாளைக்கு நீங்களோ உங்கள் பிள்ளைகளோ வீட்டை விற்றால், மாடி கட்டிய செலவை அடக்க விலையில் சேர்த்து லாபத்தைக் குறைத்துக் காட்ட அந்தக் காகிதங்கள்தான் ஆதாரம். வாடகையில் ஏற்கெனவே கழித்த வட்டியை அப்போது மறுபடி சேர்க்க முடியாது. அதனால் வங்கி வட்டிச் சான்றிதழ்களைத் தனி உறையில் வையுங்கள்.